கம்பெனி கார்ப்பரேட்டருக்கு வந்த கெட்ட பேர்

சேவூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் சந்திரமோகனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை வைத்தே இருபது வருடம் ஓட்டிவிட்டான்.

"கம்பெனி கார்ப்பரேட்டரா? குப்பைங்க. தூக்கிப் போடுங்க."

பழைய டூ ஸ்ட்ரோக் பைக் எது வந்தாலும் இதுதான் தீர்ப்பு. வண்டியைச் செய்தவனுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கத் தெரியாதாம். தறியிலிருந்து பாதியில் எழுந்து வந்த இவனுக்குத் தெரியுமாம். கழற்றியதைச் சாக்கில் வீசிவிட்டு, பளபளவென்று வேறு ஏதோ ஒன்றை மாட்டுவான். அப்புறம் வண்டி ஊரைக் கூட்டும், பெட்ரோலைக் குடிக்கும். சத்தத்தை வேகம் என்று நம்பும் ஏமாளிகள் எங்கள் ஆரணிப் பக்கம் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன்.

அவன் வைத்தியம் அதைவிடக் கேவலம். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பித்தளைத் துளையை ஜெட் என்பார்கள். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இவனோ காதில் சுற்றியிருக்கும் சரிகையை எடுத்து, முறுக்கி, உள்ளே விட்டுக் குத்துவான். தறியை விட்டும் கைப்பழக்கம் விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் நாங்கள் எல்லாரும் நெசவாளிகள். சரிகையைப் போய் அழுக்கு என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

போன மாதம் துர்கா வந்தாள். சந்தவாசல் பால் சொசைட்டியில் பால் டெஸ்ட் எடுக்கிற பெண். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவளுக்கு பஸ் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பைக் வழியெல்லாம் நின்றது. சந்திரமோகன் இரண்டு தடவை குத்தினான், வண்டி முன்பைவிட மோசமானது. மூன்றாம் தடவை தன் வாக்கியத்தை எடுத்தான். புதுசு வர ஒரு வாரம் ஆகுமாம்.

"ஒரு வாரமா? இன்னொரு நாள் லேட்டா போனா வேற ஆள வச்சிக்குவாங்கண்ணே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? கம்பெனிக்காரனப் போய்க் கேளு."

துர்கா கேட்கவில்லை. "ரெண்டு தடவ நீங்க கழட்டறதப் பாத்துகினுதான இருந்தேன்" என்று ஸ்பேனரை எடுத்தாள். ஜெட்டைக் கழற்றி ஏர் பைப்பை வைத்து அடித்தாள். உள்ளங்கையில் வந்து விழுந்தது ஒரு சிவப்புப் பட்டு இழை. அதில் பொடிப்பொடியாகப் பொன் நிறம்.

சரிகை பிரிந்தால் உள்ளே இருப்பது சிவப்புப் பட்டு இழைதான் என்று எங்களுக்கா தெரியாது? பெஞ்சில் இருந்த எல்லார் கண்ணும் சந்திரமோகன் காதுக்குப் போனது.

"பாத்தீங்களா? கம்பெனிக்காரன் உள்ள நூல வச்சே அனுப்பிக்கிறான்" என்றான் அந்த வெட்கங்கெட்டவன்.

துர்கா திரும்ப மாட்டி உதைத்தாள். ஒரே உதை. ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் சீராக ஓடியது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். சிரித்துவிட்டு என் வண்டியை உதைத்தேன், ஏழு தடவை. அதற்கப்புறம்தான் என் பழைய கார்ப்பரேட்டர் எங்கே என்று கேட்கத் தோன்றியது. சந்திரமோகன் சாக்கைக் காட்டினான். ஐம்பதுக்குக் குறையாமல் கிடந்தன. எது என்னுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாகத் திறந்து காற்றடித்தேன். நான்காவதிலும் சிவப்பு இழை வந்தபோது நிறுத்திவிட்டேன்.

அந்தச் சரிகையை வாரா வாரம் என் தறியிலிருந்து கிள்ளிவந்து அவனுக்குக் கொடுத்தவன் நான்.