அறைக்கும் ஒரு நாற்பது

பதினோராம் நாள் காலையில் புருல், ஜன்னலின் மேல்மூலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஜனவரிக் குளிர் உள்ளே இறங்கியது. அவள் எண்ண ஆரம்பித்தாள். முந்நூறு எண்ணினால் ஐந்து நிமிடம். அதற்குள் மாமியார் அடுப்படியிலிருந்து வரமாட்டாள் என்பது கணக்கு. தொண்ணூறிலேயே வந்துவிட்டாள்.

"காத்தா திறந்துச்சு?" என்றாள் குமுஷ்கான், கையில் ஆட்டுச் சாறுக் கிண்ணத்தோடு.

"நான்தான் மாமி. கொஞ்சம் காத்து வரட்டும்னு."

"வரும். காத்தும் வரும், அது பின்னாலயே காய்ச்சலும் வரும். பிள்ளை பெத்த உடம்புல எலும்பெல்லாம் வாயைத் திறந்துகிட்டு கிடக்கு. உங்க காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலையாக்கும்?"

கதவைச் சாத்திக் கொக்கி போட்டு, இடுக்கில் ஒரு துணியையும் திணித்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். அந்த உட்காருவதுதான் புருலுக்குத் தாங்கவில்லை. அக்-கியா என்ற அந்த மலையூரில் பிரசவம் ஆன பெண்ணையும் பிள்ளையையும் நாற்பது நாள் வெளியே விடமாட்டார்கள், தனியாகவும் விடமாட்டார்கள். கெட்ட கண், கெட்ட காற்று என்று ஆயிரம் காரணம் உண்டு. மாமியாரின் அன்புக்குக் குறைவே கிடையாது. அன்பால் போட்ட பூட்டை எதிர்த்துச் சண்டை போடவும் முடியாது.

மரத் தொட்டிலில் மகள் பெர்மெத், கையும் காலும் துணியால் சுற்றிக் கட்டப்பட்டு, முகம் மட்டும் வெளியே தெரியக் கிடந்தாள். புருல் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டைக்காய் அளவு மூக்கு. அது ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் கூடவே என்ன உள்ளே போகிறது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புருல் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்தவள். அவள் படித்த பள்ளிச் சுவரில் ஒரு தனிம அட்டவணை தொங்கியது. அதன் கடைசி வரிசை மட்டும் கிழிந்துபோயிருந்தது. அங்கே என்னதான் இருக்கும் என்ற ஆசையில்தான் ஓஷ் நகரத்துக்கு வேதியியல் படிக்கப் போனேன் என்பாள். விதிக்குக் குறும்பு அதிகம். அந்தக் கடைசி வரிசையே குடியிருக்கும் ஊரில் அவளை வாழ்க்கைப்படுத்திவிட்டது. அக்-கியாவில் சோவியத் காலத்தில் யுரேனிய ஆலை ஓடியது. மலையை உடைத்து, அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஆற்றோரம் குவித்துவிட்டுப் போனார்கள். ஆலை மூடி ஒரு தலைமுறை ஆயிற்று. குவியல் அப்படியே இருக்கிறது. அதன் மேல் புல் முளைத்து ஆடுகள் மேய்கின்றன.

கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரமே உள்ளூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு சங்கடம். மருமகள் மாமனார், மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் ஒட்டியிருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. மாமனார் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. குமுஷ் என்றால் வெள்ளி. இரும்பையும் வெள்ளியையும் தொடாமல் வேதியியல் நடத்துவது எப்படி? புருல் அணு எண்ணைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தாறு ஈரத்தில் இருந்தால் துருப்பிடிக்கும்" என்பாள். "நாற்பத்தேழு துருப்பிடிக்காது, கறுக்கும்" என்பாள். வகுப்பு சிரிக்கும். ஆனாலும் அவளைப் போலப் பாடம் சொல்ல ஆள் கிடையாது. ஐசோடோப்பா? ஒரே வீட்டு இலக்கம், ஒரே குணம். ஒருவன் சாப்பிட்டுவிட்டு வந்தவன், ஒருவன் வெறும் வயிற்றோடு வந்தவன், எடையில்தான் வித்தியாசம். அதற்குமேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

இப்படி எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள், சொல்ல வேண்டிய ஒரு நாளில் மென்று விழுங்கினாள். வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான்.

போன இலையுதிர்காலத்தில் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்து, இந்த வீட்டின் பெரிய அறை அலமாரியில் காற்றை அளக்கும் ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப்போய்க் காகிதம் அனுப்பினார்கள். இருநூறைத் தாண்டக் கூடாத எண் இரண்டாயிரத்து நானூறு என்று இருந்தது. ரேடான் வாயு அதிகம், இந்த அறையில் தூங்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. அன்றைக்குத் தேநீருக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். தெமிர்குல் எல்லார் முன்னாலும் காகிதத்தை நீட்டினார்.

"டீச்சர், இது என்ன சமாசாரம்னு சொல்லு."

புருல் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். படித்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையின் தரைக்கு அடியில் இருப்பது ஆலைக் குவியலின் மணல். மகன் சகின் பிறக்கப் போகிறான் என்று தெரிந்ததும் தெமிர்குல் டிராக்டர் வண்டியில் தானே அள்ளிவந்து, தன் கையால் கொட்டி, அடித்துச் சமன்செய்த மணல். 'ஒரு கல் கிடையாது, களிமண் கிடையாது, சலிக்கவே வேண்டாம்' என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த மணல். மாமனார் கிண்ணத்தில் தேநீரைத் தளும்ப ஊற்றினாலே மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஊர் அது. அங்கே வயிற்றுப் பிள்ளைக்காரி எழுந்து, நீங்கள் போட்ட தரை நஞ்சு என்று நாலு பேர் முன்னால் சொல்வாளா?

"அது ஒரு வாயு அத்தா," என்றாள். "நிறம் கிடையாது, வாசனை கிடையாது. எதோடயும் சேராது. ஆனா ஆயுசு கம்மி. நாலு நாளுக்கு ஒருதரம் பாதியா குறைஞ்சுடும். பத்துதரம் பாதியானா ஆயிரத்துல ஒரு பங்குகூட மிஞ்சாது."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் கிடந்தது.

தெமிர்குல் விரல் விட்டுப் பெருக்கினார். நாலு பத்து நாற்பது. அந்த ஊர்க்காரருக்கு நாற்பது வெறும் எண் இல்லை. பிறந்தவருக்கு நாற்பது, செத்தவருக்கு நாற்பது. படித்த மருமகளின் கணக்கும் முன்னோர் சொன்ன கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? "பிள்ளைக்கு நாற்பது இருக்கற மாதிரி அறைக்கும் ஒரு நாற்பது இருக்கட்டும்" என்றார். ஜன்னல் இடுக்கில் பசை தடவிக் காகிதம் ஒட்டினார், விரிசலைக் களிமண்ணால் அடைத்தார், கதவைப் பூட்டினார். நாற்பது நாள் எல்லாரும் அடுப்படியில் நெருக்கிப் படுத்தார்கள். நாற்பத்தோராம் நாள் திறந்து, சூரைக் குச்சியைக் கொளுத்திப் புகை காட்டி, நிறைமாத மருமகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சொல்லிவிட வேண்டும் என்று புருலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயைத் திறந்தும் கெட்டாள், மூடியும் கெட்டாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில் கட்டட வேலை செய்யும் கணவன் சகின் போனில் கூப்பிட்டான். மாமியார் ரொட்டி எடுக்கப் போன நேரம். புருல் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் பொறந்த ரூம் அது," என்றான். "எனக்கு என்ன ஆயிடுச்சு இப்ப?"

"இது இன்னைக்கே கொல்ற விஷம் இல்லைங்க. வருஷக்கணக்கா உள்ள போய், எப்பவோ நுரையீரல்ல தெரியும். தெரியாமலும் போகலாம். பச்சப் புள்ளையை வெச்சுக்கிட்டு அந்தச் சூதாட்டம் வேணுமா?"

"இன்னும் ஒரு மாசம்தானே? பல்லைக் கடிச்சுக்கோ. அப்பா மனசை நோகடிக்காத."

ஒரு மாதம் கழித்து எங்கே போவது? அதே அறையில்தானே இனி ஆயுசு முழுக்க? அவள் கேட்பதற்குள் கொதிக்கும் தேநீரோடு மாமியார் வந்துவிட்டாள். அன்று புருலுக்குச் சாறு இறங்கவில்லை. மூச்சை இழுப்பதற்கே பயமாக இருந்தது. மூச்சு விடாமல் இருக்க முடியுமா? அவளால் முடிந்தாலும் தொட்டிலில் இருப்பவளால் முடியுமா?

பதினேழாம் நாள், பக்கத்து வீட்டுக் கல்புபு, பொரித்த மாவுத் துண்டுகளைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு குழந்தை பார்க்க வந்தாள். குமுஷ்கான் அவளை அடுப்பருகே நிறுத்தி, குளிர் போகக் காய வைத்துத்தான் தொட்டில் பக்கம் விட்டாள். திறந்திருந்த கதவுக்கு அப்பால் தெமிர்குல் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உன் கணக்கு எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு," என்று சிரித்தாள் கல்புபு. "முந்தாநாள்தான் சின்ன ரூமை அடைச்சோம். நாற்பது முடிஞ்சதும் பேரப்புள்ளைங்களை அதுல போட்டுடலாம்னு. அடுப்புப் பக்கம், நல்ல கதகதப்பு. ஒரே ஒரு சந்தேகம். எங்க வீட்டுக்காரர் இருபது நாளே போதும்ங்கறார்."

"இருபதாம் இருபது," என்றார் தெமிர்குல் வெளியிலிருந்து. "அரைவேக்காட்டு மனுஷன். கணக்குன்னா முழுசா செய்யணும்னு சொல்லு."

புருலுக்குக் காது அடைத்துக்கொண்டது. தன் பிள்ளையோடு போகும் என்று நினைத்தது இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாய் விரிக்கிறது. வெட்கத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"மூடாதீங்க அக்கா. திறந்து வையுங்க. நான் அன்னைக்குப் பாதிதான் சொன்னேன்."

"என்ன பாதி?" என்றாள் குமுஷ்கான்.

"எங்க பாடத்துல தாய், சேய்னு சொல்லுவோம் மாமி. நாலு நாள்ல பாதியா சாகுதே, அந்த வாயு சேய்தான். அதைப் பெத்துப் போடற தாய் வேற. ரேடியம்னு பேர். யுரேனியத்தை எடுத்துட்டுப் போனவங்க அதை எடுத்துட்டுப் போகல, மணல்லயே விட்டுட்டாங்க. அது தரைக்கடியில கிடந்து தினமும் பெத்துக்கிட்டே இருக்கு. எவ்வளவு சாகுதோ அவ்வளவும் திரும்பப் பொறக்குது. மூடி வெச்சா வெளிய போக வழியில்லாம ரூம்ல நிறையும். அவ்வளவுதான்."

செருப்புத் தைக்கும் ஊசி நின்றது. தெமிர்குல் எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தாய்க்கு எத்தனை நாள்?"

"நாள் கணக்கு இல்ல அத்தா."

"வருஷக் கணக்காவே சொல்லு."

"பாதி குறையவே ஆயிரத்து அறுநூறு வருஷம்."

அவர் பெருக்குவதற்காக விரலை மடக்கினார். ஒரு விரலோடு நிறுத்திவிட்டார்.

குமுஷ்கானின் குரல் எழும்பியது. "தெரிஞ்சுக்கிட்டே பதினேழு நாளா சும்மா இருந்தியா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"அத்தாவுக்கு மரியாதைன்னு..."

"உன் மரியாதையை எம்பேத்தி மூச்சுலயா காட்டுவ?" என்றவள், சட்டென்று குரல் இறங்கித் தனக்குத்தானே சொல்வதுபோல், "சகினுக்கும் நாற்பது இந்த ரூம்லதான் இருந்தோம்," என்றாள்.

கல்புபு துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுத் தரைக்குப் போட்டது ஆத்து மணல்தானே?"

தெமிர்குல் மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வை புருலுக்கு நன்றாகப் புரிந்தது. இன்னொரு முறை பாதியைச் சொல்லேன் என்று கெஞ்சும் பார்வை. மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"உன் வீட்டுக்கு மூணு வண்டி," என்றார் அவர். "நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். இந்தத் தெருவுல பதினோரு வீடு. எல்லாம் என் வண்டிதான். ஆசைப்பட்டுக் கேட்டாங்க, கொடுத்தேன்." நிலையிலிருந்து கையை எடுத்தார். "பள்ளிக்கூடத்துக்கு ஏழு."

கல்புபு செருப்பைச் சரியாக மாட்டாமலே ஓடினாள். அவள் விட்டுப்போன வாசல் கதவு திறந்தே கிடந்தது. அதைச் சாத்து என்று குமுஷ்கான் சொல்லவில்லை.

புருல் தொட்டிலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். நிலைப்படியில் தெமிர்குல் வழிவிடாமல் நின்றார்.

"அங்கேயும் அதே மணல்தாம்மா," என்றார்.

தொட்டில் கனத்தது. கீழே வைக்க இடம் இல்லாமல் அவள் அங்கேயே நின்றாள். தெமிர்குல் அவளைத் தாண்டி உள்ளே போய், ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் கிழித்தார். ஒன்று, இரண்டு என்று நான்கு ஜன்னலையும் விரியத் திறந்தார். விரலில் ரத்தம் வந்ததைக் கவனிக்கவில்லை. குமுஷ்கான் தன் சால்வை, போர்வை, கைக்கு அகப்பட்டதையெல்லாம் பேத்திமேல் போட்டு, அடுப்பில் நிலக்கரியை வாரிக் கொட்டினாள். குளிர் அறைக்குள் தாராளமாக வந்தது. பெர்மெத் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தூங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தெமிர்குல் முற்றத்துப் பனியில் வெறும் தலையோடு நின்றுகொண்டிருந்தார். குமுஷ்கான் திறந்த ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"தொப்பிகூட இல்லாம என்ன நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அவர் திரும்பவில்லை. "எந்த வீட்டுக்குள்ள வரச் சொல்ற?" என்றார்.