டீசல் குழாயில் புகுந்த காற்று

பிள்ளைகளா, பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கொத்துக்கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா அவ்வளவு லேசில் வசப்படாது. இருந்தாலும் இதை எழுதியே ஆக வேண்டும். நம் கார் வாய்க்கால் பாலத்தில் நின்ற கதையை மார்க்கையன்கோட்டையில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

நம்முடையது பழைய டீசல் கார். வாரம் முழுக்க வேலை நடக்கும் இடத்துக்கு அதில்தான் போகிறேன். பின்னால் சாந்துச் சட்டி, முன்னால் நான். ராத்திரி தெருவில் சமதரையில் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், கழுவுவதற்காக, வாசலில் நானே சிமெண்ட் போட்ட சரிவில் மூக்கு மேலே பார்க்க ஏற்றி நிறுத்துவேன். ஞாயிறு முழுவதும் அங்கேயே கிடக்கும். திங்கள் காலையில், பெரியவளே, உன்னை ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போய் உன் நர்சிங் காலேஜ் ஹாஸ்டல் வாசலில் விடுவேன்.

அப்படிப் போன ஒரு திங்கட்கிழமை பாலத்தில் வண்டி அணைந்தது. சாவி திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சின்னமனூரில் இருந்து மெக்கானிக் பைக்கில் வந்தார். பானட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கை பம்பை அமுக்கி அமுக்கி, ஒரு திருகைத் தளர்த்தினார். நுரை நுரையாக டீசல் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த திங்களும் அதே இடம், அதே வைத்தியம். மூன்றாவது திங்கள் உங்கள் அத்தையான என் அக்காவும் பின் சீட்டில் இருந்தார். தேனியில் சேலை எடுக்க வேண்டும் என்று ஏறி வந்தவர்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காத்து புடிச்சிருக்குண்ணே. எடுத்துவிட்டுட்டேன். இனி ஓடும்."

அக்கா தலையை வெளியே நீட்டினார். "எங்கன இருந்துப்பா புடிச்சது?"

"அதான் தெரியலக்கா. எங்கிட்டோ இருந்து உள்ள வருது."

"மறுபடி புடிக்குமா?"

"புடிச்சாலும் புடிக்கும்க்கா. உள்ள வந்து பழகிருச்சுல்ல."

அவர் குழாயைச் சொன்னார். அக்கா காத்துக் கருப்பைக் கேட்டார். அதே பாலத்தில் போன வருஷம் ஒருவர் பைக்கில் இருந்து விழுந்து இறந்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை அங்கே யாராவது பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்கு எட்டு நாளில், திங்கட்கிழமை காலையில், போடியில் நிச்சயம்.

"தம்பி, தட்டு பூரா ஒங் கார்லதான் வரணும். தாய்மாமன் வண்டி முன்னாடி போனாத்தான் எனக்குக் கௌரவம்."

"வரும்க்கா."

"ஆனா ஒம் மக அதுல வேணாம்."

"ஏன்?"

"ஏலே, ஒனக்கு ஒண்ணுமே தெரியாதாக்கும்? மெக்கானிக்கே காத்துங்கிறான். இந்தப் புள்ள ஏறுற அன்னைக்குத்தான நிக்குது? நல்ல காரியத்துக்குப் போறோம். நடுவழியில நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நினைப்பாக? பஸ்ஸுல வரட்டும். நம்ம புள்ளதான, நான் வெறுத்தா சொல்றேன்?"

பெரியவளே, நீ காப்பி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாய். "சரித்தை, நான் பஸ்ஸுலயே வாரேன்" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாய். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. நீ அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அந்த 'சரித்தை'தான் என்னை எழுப்பிவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண், தன்னைப் பீடை என்று ஒருவர் சொன்னதும் சரி என்று ஒத்துக்கொள்கிறாள். இன்றைக்கு வண்டி, நாளைக்குக் கல்யாண வீடு, அப்புறம் நீ ஊசி போடப் போகும் ஆஸ்பத்திரிக் கட்டில். எதற்கெல்லாம் சரி சொல்வாய்?

"அக்கா, எம் மக முன் சீட்டுல உக்காந்துதான் கார் போடிக்கு வரும். அவ வரலன்னா தாய்மாமனும் வரல. தட்ட ஆட்டோவுல ஏத்திக்க."

"திமிரப் பாரு! நின்னுச்சுன்னா?"

"நின்னா, தட்டத் தலையில வச்சு போடி வரைக்கும் நடந்து வாரேன்."

மறுநாள் விடியலில் என்னை எழுப்பாமலே நீ பஸ் ஏறிவிட்டாய். நான் தனியாகக் காரை எடுத்தேன். பாலத்தில் நின்றது. நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். கை பம்பை நானே அமுக்கிக் கிளப்பிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போய், "இன்னைக்கு அவ ஏறவே இல்ல. இன்னைக்கும் நின்னுச்சு. இப்ப என்ன சொல்ற?" என்றேன்.

அக்கா அசரவில்லை. "பாத்தியா? அது வண்டியிலயே தங்கிருச்சு."

பேசிப் பயனில்லை என்று அப்போது புரிந்தது. குழாயைப் பிரிக்க வேண்டியதுதான்.

டீசல் வண்டிக்கு வரும் சீக்கு பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கரும்புகை தள்ளினால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டிப் பாருங்கள். குளிர்ந்த காலையில் கிளம்பாமல் வெள்ளைப் புகை விட்டால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுங்கள். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டுங்கள். நம் வண்டிக்கு இது எதுவும் இல்லை. ஒரு தடவை சாவி திருப்பினாலே கிளம்பும், பாலம் வரை ஓடும், அணையும். டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று ஃபில்டரின் அடியைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். துளி தண்ணீர் இல்லை.

அப்புறம் என் தொழில்தான் வழி காட்டியது. கொத்தனார்கள் நாங்கள் மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பிடிப்போம். டியூபுக்குள் ஒரு குமிழி நின்றுவிட்டால் போதும், மட்டம் பொய் சொல்லும். அதனால் முதல் வேலை குமிழியைத் தேடுவதுதான். கார் டீசல் குழாய் கறுப்பு ரப்பர். உள்ளே என்ன ஓடுகிறது என்று எவனுக்கும் தெரியாது. தெரியும்படி செய்தால் என்ன?

என் மட்ட டியூபில் ஒரு முழம் அறுத்தேன். ஃபில்டருக்கும் இன்ஜின் பம்புக்கும் நடுவே இருந்த ரப்பரைக் கழற்றி, அந்த இடத்தில் இதை மாட்டிக் கிளிப் போட்டேன். உங்கள் அம்மா வாளியோடு வந்து பார்த்தார்.

"வீட்டக் கட்டுறாகன்னு பாத்தா, காரப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்காக. அது திரும்பச் சேருமா?"

"சேரும். நீ சாவியத் திருப்பு."

திருப்பினார். பொன்னிற டீசலுக்குள் சோடா மாதிரிக் குமிழி ஓடியது. என் கண்ணால் பார்த்தேன், உங்கள் அம்மாவையும் பார்க்க வைத்தேன். அப்புறம் டியூபை ஃபில்டருக்கு முன்னால், டேங்கில் இருந்து வரும் பக்கம் மாற்றி மாட்டினேன். அங்கேயும் குமிழி. அப்படியானால் குற்றம் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே. மல்லாந்து படுத்து, குழாயைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் போனேன். டேங்க் மேலே, இரும்புக் குழாயில் ரப்பர் சேரும் இடத்தில், நகம் உள்ளே போகும் அளவுக்கு ஒரு வெடிப்பு. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. அது டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே விடும்.

மீதி எல்லாம் வரிசையாக விளங்கியது. மூக்கு மேலே தூக்கி இரண்டு ராத்திரி நின்றால், வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருக்கும் டீசல் முழுக்கப் பின்னால் டேங்குக்கே இறங்கிவிடும். ஃபில்டரில் மிஞ்சிய டீசல்தான் வண்டியைக் கிளப்பும். அது தீரும் இடம் பாலம். ஒவ்வொரு வாரமும் மிச்சம் ஒரே அளவு, அதனால் ஒரே இடம். செத்தவரும் நிறுத்தவில்லை, என் மகளும் நிறுத்தவில்லை.

தேனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது டீசல் ஹோஸும் கிளிப்பும் வாங்கிப் போட்டேன். என் மட்ட டியூபைக் கழற்றிவிட்டேன். அது பார்ப்பதற்குத்தான், டீசலில் ஊறினால் விறைத்து உடைந்துவிடும். கை பம்பை அது இறுகும் வரை அமுக்கி, திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் முறுக்கினேன்.

நிச்சயத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை அதே சரிவில் ஏற்றினேன்.

"இந்த வாரம் தெருவுலயே நிறுத்துனா என்னவாம்?" என்றார் உங்கள் அம்மா.

"சரிவுலதான் நிக்கும். ரெண்டு ராத்திரியும் நிக்கும்."

திங்கள் காலை. பின் சீட்டில் அக்கா, உங்கள் அம்மா, சின்னவன், மடியெல்லாம் தட்டு. பெரியவளே, பட்டுப் பாவாடை தாவணியோடு நீ பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினாய். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஆத்தா, ஏறு."

"நின்னுட்டா என்னப்பா பண்ண?"

"நின்னா நான் போட்ட கிளிப்பு சரியில்லன்னு அர்த்தம். ஒம் மேல ஒண்ணும் இல்ல. ஏறு."

ஏறினாய். பாலம் வரும் வரை நீ கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாய். நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாலம் பின்னால் போனது. சின்னமனூர் வந்தது.

அக்கா தொண்டையைச் செருமினார். "நேத்து நான் ஒங் கார் டயருக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வச்சேன். அதான் ஒண்ணும் ஆகல."

"அந்தப் பழமா? நேத்து மத்தியானமே சர்பத் போட்டுக் குடிச்சுட்டேன்க்கா. நல்ல சாறு."

நீ வெடித்துச் சிரித்தாய். அக்கா கொஞ்ச நேரம் முறைத்தார். "கொத்தனார்ப் பயலுக்குக் கொழுப்பப் பாரு" என்றபோது அவர் மடியில் இருந்த தட்டு சிரிப்பில் குலுங்கியது. போடியில் இறங்கியதும் ஒரு தட்டை எடுத்து உன் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னவரும் அவர்தான். நம்பிக் கொடுத்தாரா, வேறு கை இல்லாமல் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. என் மகள் முன்னால் நடந்தாள், அது போதும்.

விசேஷம் முடிந்து மற்றவர்கள் சொந்தக்காரர்கள் வந்த வேனில் ஊருக்குத் திரும்பினார்கள். உன்னைக் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டு, அல்லிநகரத்தில் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போனேன். சாமி பேரா, பையன் பேரா என்று கடைக்காரர் கேட்டார். உன் பேரைச் சொல்லி, இருப்பதிலேயே பெரிய எழுத்தாக வெட்டச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, துண்டால் பின் கண்ணாடியைத் துடைத்து, எழுத்து எழுத்தாக நானே ஒட்டினேன். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கடைசி எழுத்து ஒரு நூல் இறங்கியிருந்தது. திரும்பிப் போய் அதை உரித்து, மட்டமாக ஒட்டினேன்.