தம்பியின் குழிக்கரையில் அம்மா கேட்டது

இதை எழுதினால் ஒரு போதகரைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பல வருஷமாகத் தயங்கினேன். ஆனாலும் தம்பிக்குக் குழி வெட்டச் செம்புறைக்கல் தரையில் கடப்பாறை இறங்கிய அந்த ‘ணங்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னச் சபைக்கு, பட்டணத்து வேதக் கல்லூரியில் படித்த இளம் போதகர் ஒருவர் வந்தார். வந்த வருஷமே கூலிக்காரர்களோடு தாமும் மண் சுமந்து, குடிதண்ணீர்க் கிணறு ஒன்று வெட்டவைத்தார். ஆனால் ஈஸ்டர் பிரசங்கத்தில், இயேசு சரீரத்தோடு எழுந்தார் என்று நம்பவேண்டிய கட்டாயமில்லை, சீஷர்கள் மனதில் பிறந்த தைரியம்தான் உயிர்த்தெழுதல் என்று அவர் சொன்னபோது, பெரியவர்கள் அதற்குப் ‘பட்டணத்து வேதம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அப்பா சொன்னார்: “கெணறு வெட்டுனது ஆண்டவருக்குப் பிரியமான வேலதான், மறுக்கல. ஆனா ஆண்டவரு கல்லறையிலயே கெடந்துட்டாருன்னா, கெணத்துக்குப் பஞ்சாயத்து போர்டு போதுமே, கோயிலு எதுக்கு?”

அந்த ஆடியில் என் தம்பி சாமுவேல், நாலு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் இறந்துபோனான். குழிக்கரையில் போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறக்குமுன், பெட்டியைப் பிடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

“ஐயா, எம்புள்ள எந்திரிப்பானா?”

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “நம்ம நெனப்புல என்னைக்கும் இருப்பான்மா.”

“நெனப்புல வச்சுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேணாங்க. இந்தக் கையும் காலுமா எந்திரிப்பானான்னு கேக்குறேன்.”

“ஐயா செத்த நேரம் இங்கிட்டு நில்லுங்க, நாங்க சொல்லிக்கிறோம்” என்று அப்பா அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். சரீரம் உயிர்த்தெழும் என்ற இடத்தில் அம்மாவின் குரல் எல்லார் குரலுக்கும் மேலே நின்றது. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். போதகரும் குனிந்து மண் தள்ளினார், அழுதார்.

அதற்குப் பிறகும், அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஞாயிறுதோறும் அம்மா அவருக்குச் சோறு கொடுத்தனுப்பினாள். “பசிக்குச் சோறு போடுறது வேற, அவரு சொல்றதுக்கெல்லாம் ஆமென் சொல்றது வேற” என்பாள்.

இப்போது அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதிய கற்களெல்லாம் வழவழப்பான கிரானைட். ‘நினைவில் வாழ்கிறார்’ என்றுதான் எழுதுகிறார்கள். பழைய கற்களில் இருந்த ‘உயிர்த்தெழும் நாளுக்குக் காத்திருக்கிறார்’ என்ற வரி மழையில் தேய்ந்து போய்விட்டது. அம்மாவின் கல்லில் ‘எழுந்திருப்பாள்’ என்று வெட்டச் சொன்னேன். “வேற ஒண்ணும் வேணாங்களா?” என்று கல்தச்சர் கேட்டார். “போதுங்க” என்றேன்.

இதை யாரிடமாவது சொல்வீர்களானால், போதகரைக் கெட்டவராக்காமல், அம்மாவைப் படிக்காதவள் என்று இறக்காமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.