முன் பிரேக் மட்டும் தேய்ந்த வண்டி

ஒரு வண்டியைக் கழற்றிப் பார்த்தால் அதை ஓட்டுகிறவனின் ஜாதகமே தெரிந்துவிடும் என்று எங்கள் மெக்கானிக் கூட்டம் பீற்றிக்கொள்ளும். பாதி பொய். பெரும்பாலும் அவன் ஆயில் மாற்றாத சோம்பேறி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் என் மாமாவின் வண்டியைக் கழற்றிய அன்று அந்தப் பீற்றல் பலித்துவிட்டது. முன் சக்கரத்தின் பிரேக் பேட் முழுக்கத் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. பின் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே பிரேக் ஷூ அனேகமாகப் புதுசாகவே இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் மாட்டிக்கொடுத்தவன் நான்தான். முன் பிரேக் கையால் பிடிப்பது. பின் பிரேக் வலது காலால் மிதிப்பது. மாமாவுக்கு ஆபரேஷன் செய்து மாற்றி வைத்தது வலது முட்டி.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வண்டியின் பின்சீட்டில் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து வருகிறவள் அவர் மனைவி, என் கூடப்பிறந்த அக்கா.

மாமா லிஃப்ட் மெக்கானிக். முட்டி போனது மாடிப்படி ஏறியதால் இல்லை. லிஃப்ட்டின் கூரைமேல், கிரீஸும் தூசியும் அப்பிய இரும்புச் சட்டத்தில் மண்டியிட்டே காலம் முழுக்க வேலை பார்த்ததில் போனது. ஏதாவது லிஃப்ட்டில் லேசாக ஒரு வித்தியாசமான சத்தம் கேட்டால் போதும், "நிப்பாட்டு" என்பார். கட்டடத்துக்காரர் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, பிரேக் சரியாகப் பிடிக்கும்வரை அந்தப் பெட்டி ஒரு மாடிகூட நகராது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'நிப்பாட்டு'தான். ஆள் முசுடு என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் கதவில் வாயை வைத்து, "உள்ள கல்யாணம் ஆனவங்க எத்தனை பேரு? அப்ப உங்களுக்கு மாட்டிக்கிறது பழக்கம்தானே?" என்பார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மேலே மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

எங்கே எவன் மாட்டிக்கொண்டாலும் மாமா வண்டியில்தான் போவார். கார், பஸ் என்றால் முகம் சுளிப்பார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், "டாக்டர், மழையில நனைஞ்சா என் முட்டி துருப்பிடிக்குமா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். அடுத்த கேள்வி, "எப்ப வண்டி எடுக்கலாம்?" டாக்டர் சிரிக்கவில்லை. மூணு மாசம் ஆகட்டும், 'இப்ப' என்று தான் சொன்ன அடுத்த நொடி அவர் வலது கால் வலியில்லாமல் ஓங்கி மிதிக்க வேண்டும், அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அந்த மூன்று மாதத்தில்தான் மனுஷன் கரைந்துபோனார். நடைவழியில் உறை போட்டு நிறுத்தியிருந்த வண்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சவரம் இல்லை, பேச்சு இல்லை. அக்கா ஒருநாள் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "டேய், மொட்டை மாடி விளிம்புல போய் நிக்கிறாருடா. கூப்பிட்டாக்கூட திரும்பறதில்ல." அதற்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. மாடிக் கதவின் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆகவே டாக்டர் சரி என்று சொன்னதும், மாமா மறுபடி வண்டி எடுத்த அன்று, வீட்டு வாசலில் அக்கா சின்னப் பெண் மாதிரி கைதட்டினாள். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது! மாமா தெருவில் போய்ப் போய் வந்தார். இப்போது யோசித்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அவர் வேகமாக ஓட்டி, நிறுத்திக் காட்டியது எல்லாம் தெருவின் மேட்டுப் பக்கம். மேட்டில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே வண்டி தானாக நிற்கும். இறக்கத்தில் முதல் கியரில் ஊர்ந்துதான் வந்தார். பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்தோம். நானும் ஒரு மெக்கானிக் என்று பக்கத்தில் நின்று விசில் அடித்தேன்.

தேய்ந்த பேடைப் பார்த்ததும் மாமாவை வரச்சொன்னேன். வருவதற்குள் புது பேடை மாட்டி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினேன்.

"மாமா, ஏறி உட்காருங்க. கியர் போட்டு லேசா முறுக்குங்க."

"எதுக்குடா?"

"சும்மா. ஒரு சத்தம் கேட்குது."

சத்தம் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஏறினார். பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வேகம் பிடித்ததும் நியூட்ரல் பண்ணச் சொல்லிவிட்டு, எதிர்பாராத நேரத்தில், "பிரேக்!" என்று கத்தினேன்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வலது கால் இருந்த இடத்திலேயே இருந்தது. தொடை மட்டும் பேண்ட்டுக்குள் நடுங்குவது தெரிந்தது. ஷூவின் முனை கொஞ்சம் எழுந்தது, பெடல் மேல் போகாமலேயே திரும்ப இறங்கியது. மாமா என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தச் சக்கரத்தின் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது தானாகச் சுற்றி ஓய்ந்து நின்றது.

"பெடல் கொஞ்சம் டைட்டா இருக்கு மாப்ள" என்றார்.

நான் குனிந்து பெடலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். சுலபமாக இறங்கியது. அவருடைய ஒரு லிஃப்ட் இப்படி இருந்திருந்தால் கட்டடத்தையே இரண்டாக்கியிருப்பார்.

"மாமா, வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்று சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை சண்டை போடவில்லை, தலையாட்டிவிட்டு நடந்து போனார். எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். சண்டை போடாத மாமாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கடையில் வண்டி இல்லை. அவரிடம் மாற்றுச்சாவி இருப்பதை எப்படி மறந்தேனோ தெரியாது. அக்கா வேலை விடும் நேரம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டிய ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்கா வேலை பார்ப்பது ஒரு தையல் கம்பெனியில், தைத்த துணியைச் சோதிக்கும் மேசையில். அங்கிருந்து வீட்டுக்கு வர மேம்பாலம் ஏறி இறங்கியாக வேண்டும். இறக்கம் முடிகிற இடத்தில் சிக்னல். அந்த இறக்கத்தை நினைத்து ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

நான் போவதற்குள் அவர்கள் கம்பெனியிலிருந்து கிளம்பிவிட்டிருந்தார்கள், பின்னாலேயே விரட்டினேன். பாலத்தின் உச்சியில் எனக்கு முன்னால் அவர்களைப் பார்த்துவிட்டேன். தூறல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ரோட்டில் காய்ந்து கிடக்கும் எண்ணெயை எல்லாம் கிளப்பிவிடும் முதல் தூறல். அதில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கீழே சிக்னலில் ஒரு லாரி நின்றது. ஹாரன் அடித்தேன், கத்தினேன். யார் காதில் விழப்போகிறது!

அப்போது அக்காவின் கால் நகர்ந்தது. முன்பெல்லாம் ஒருபக்கமாகவே உட்கார்ந்தவள் இப்போது இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலை முன்னே நீட்டினாள். மாமாவின் ஷூமேல் தன் செருப்பை வைத்து ஓங்கி மிதித்தாள். அவர் காலும் பெடலும் சேர்ந்து கீழே போயின. வண்டி வால் ஆட்டியது, லாரிக்குப் பின்னால் போய் நின்றது. அவள் காலைப் பழையபடி எடுத்து வைத்துக்கொண்டு, நெற்றியில் விழுந்த மழைத்துளியைத் துடைத்தாள். தினமும் செய்கிற வேலை என்று பார்த்தவுடனே புரிந்தது.

சிக்னல் தாண்டி அவர்களை மறித்து நிறுத்தினேன். எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைத் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"உனக்குப் பைத்தியமா அக்கா? ஒரு நொடி லேட்டானா?"

"ஆகாது. அவரு 'ம்'னு சொல்வாரு, நான் மிதிச்சிடுவேன். பழகிடுச்சு."

"தனியா போறப்ப யாரு மிதிப்பா?"

அவள் மாமாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டேய், மொட்டை மாடியில நின்னவரை நீ பார்க்கல. நான் பார்த்தேன். இந்தப் பயத்தோட என்னால இருக்க முடியும். அந்தப் பயத்தோட முடியாது. சாவி மேல கை வைக்காத." அப்புறம், ரேஷன் வாங்கிவரச் சொல்வதுபோல, "நாளைக்குக் காலைல நான் ஊருக்கு, எங்க பொண்ணு வீட்டுக்குப் போறேன். வர்றவரைக்கும் நீ அவரு பின்னாடி உட்காரு" என்றாள்.

மறுநாள் காலையில் சாவியைப் பிடுங்குவது என்று முடிவு செய்துதான் போனேன். அக்கா கிளம்பிப் போயிருந்தாள். மாமா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டிருப்பதாகப் போன் வந்ததாம்.

"மாமா, இறங்குங்க."

"மாட்டேன். நீ ஏறுறியா, நான் தனியா போகட்டுமா?"

ஏறினேன். வேறு என்ன செய்வது? சமதரையில் முன் பிரேக்கை வைத்தே சமாளித்தார். பாலத்தில் ஏறினோம். உச்சியைத் தாண்டியதும் வண்டி தானாக வேகம் எடுத்தது. கீழே சிக்னல் சிவப்பில் இருந்தது, ஒரு பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால் எங்கே இருக்கிறது, பெடல் எங்கே இருக்கிறது என்று ஒன்றும் புரியவில்லை. பெடலைக் கையால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவன் நான்.

"ம்" என்றார் மாமா.

மிதித்தேன். என் செருப்புக்கு அடியில் அவர் பாதம் வெடவெடவென்று நடுங்கியது தெரிந்தது. வண்டி வழுக்கிக்கொண்டே போய், பஸ்ஸின் பம்பரை முன் சக்கரம் தொட்டு நின்றது.

"உங்க அக்கா இன்னும் கொஞ்சம் சீக்கிரமா மிதிப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க வேர்வை. முதலில் கம்பெனிக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பயமா இருக்குடா. முதல் வாரமே ஒரு நாய் குறுக்க வந்துச்சு. கால் எழும்பவே இல்ல. எப்படியோ தப்பிச்சேன். டாக்டர்கிட்ட நாற்காலியில உட்கார்ந்தா மிதிக்குது. ரோட்டுல மிதிக்க மாட்டேங்குது. அன்னைலேருந்து தினமும் செத்துச் செத்துதான் ஓட்டறேன்."

"அப்புறம் எந்தக் கர்மத்துக்கு ஓட்டறீங்க?"

"நான் வண்டி எடுத்த அன்னைக்கு உங்க அக்கா எப்படிச் சிரிச்சா, பார்த்தேல்ல? என்னால அந்த மூஞ்சில சிரிப்பே இல்லாம இருந்துச்சுடா. இப்ப போய் பயமா இருக்கு, வண்டியே வேணாம்னு எப்படிச் சொல்றது?"

இவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று அவள் ஏறுகிறாள். அவள் சிரிக்க வேண்டும் என்று இவர் ஓட்டுகிறார். இருவரும் தினமும் அந்த இறக்கத்தில் சாகாமல் வந்ததுதான் ஆச்சரியம்.

மாற்றுச்சாவியையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நானா குடுத்தேன்னு சொல்லிடாத. நீ புடுங்கிட்டேன்னு சொல்லு. நான் பெரிய சண்டை போட்டேன்னும் சொல்லு."

சொன்னேன். அக்கா ஊரிலிருந்து வந்த அன்று என்னை நிற்க வைத்துக் கிழித்தாள். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மாமா ஆரம்பித்து, நான் கூடப்பிறந்தவனே இல்லை என்கிற அளவுக்குத் திட்டினார். நன்றாகவே நடித்தார்.

வண்டி இப்போது என் கடையில் நிற்கிறது. மாமா ஆட்டோவில் வேலைக்குப் போகிறார், மொட்டை மாடிக்குப் போவதில்லை என்று என்னிடம் சொல்கிறார். அக்கா நம்புவதில்லை. வேலை முடிந்து தினமும் என் கடைக்கு வந்து கையை நீட்டி நிற்கிறாள்: "சாவியைக் குடுடா. அவரை நீ கொல்லப் பாக்குற." நான் முடியாது என்கிறேன். அழுதுவிட்டுப் போகிறாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்குப் போன் வருகிறது. எதிர்முனையில் மாமா ரகசியக் குரலில் கேட்கிறார்: "குடுத்துடலையே மாப்ள?"