வெள்ளிமலைக்கு இரண்டு ஹெல்மெட்

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்தேன். பின்னால் என் மனைவி வசந்தா. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் புளிச்சோறு, தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் கவிதா அனுப்பிய இன்டர்காம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டால் வண்டி ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் போனில் பேசுவதுபோல் பேசிக்கொள்ளலாம்.

"அப்பா மலைக்கு வண்டி எடுக்கறதா இருந்தா இத மாட்டிக்கினுதான் எடுக்கணும்" என்று கவிதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதில் பாதி; அதுவும் காது மெஷின் மாட்டினால்தான். இருபது வருடத்துக்கு மேல் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஒரு தனியார் பேருந்தை ஓட்டினேன். என் இடது கைப்பக்கம் எஞ்சின். இடது காதை அது முதலில் எடுத்துக்கொண்டது, வலது காதை மெதுவாக.

வசந்தா அப்போது மலையில் கிராம செவிலியராக இருந்தாள். திங்கட்கிழமை காலையில் கச்சிராயப்பாளையத்தில் ஏறுவாள். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நீள இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு மெல்லிய குரல். வண்டி மேடேறும்போது எஞ்சின் போடும் சத்தத்தில் பயணிகளெல்லாம் கத்துவார்கள், அவள் கத்தமாட்டாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எப்போதும்போலப் பேசுவாள். எனக்குக் கேட்கும். எந்த ஊரில் யாருக்குப் பிரசவம், எந்தக் குழந்தைக்கு ஊசி போடும்போது அழுகையே வரவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். மேடு முடிவதற்குள் பேச்சு முடிந்துவிடக் கூடாதே என்று நான் இரண்டாவது கியரிலேயே உருட்டிய நாட்கள் உண்டு. இரண்டு வருடம் அப்படிப் போய், பிறகு கல்யாணம் செய்துகொண்டோம்.

இப்போது அவள் கத்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். வேறு வழியில்லை. எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்பது பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து நிலையத்தைத் தாண்டி, கச்சிராயப்பாளையம் சாலையில் ஒரு ஹெல்மெட் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் சலீமுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். வாசலில் ஹெல்மெட்டுகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா ரேட்ல பாக்கறீங்கண்ணா?"

எனக்கு முன்னால் வசந்தா பதில் சொன்னாள். "ரேட்டு அப்புறம் பாத்துக்கலாங்க. இந்த மெஷினு அதுல உக்காரணும். அவருக்குக் காது கேக்காது. அதுக்கேத்த மாதிரி காட்டுங்க."

சலீம் பெட்டியைப் பிரித்தார். ஹெல்மெட்டின் வெளிவிளிம்பில் கவ்விக்கொள்ளும் கருவி இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒயரில் தொங்கும் இரண்டு வட்ட ஸ்பீக்கர்கள், ஒரு மைக். "ஏற்காடு போற பசங்க மாட்டிக்கினு போறத பாத்திருக்கேன். நானே மாட்டுனதில்ல. வாங்க, சேந்து பாப்போம்" என்றார்.

முதலில் தந்த ஹெல்மெட் தலைக்குக் கச்சிதமாக இருந்தது. ஆனால் உள்ளே காது இருக்கும் இடத்தில் பள்ளமே இல்லை. ஒரே சீராகப் பஞ்சு. ஸ்பீக்கரை வைத்ததும் காது நசுங்கியது. காது மெஷின் அழுத்தம் தாங்காமல் கூவென்று விசிலடித்தது. எனக்கு அது கேட்கவில்லை. கடையிலிருந்த மற்ற இருவரும் முகம் சுளித்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஹெல்மெட்டுக்குள் காது மெஷின் ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அதோடு சாலையின் சத்தமெல்லாம் நின்றது. அதன்பிறகு கடையில் நடந்ததை வசந்தாவின் கைஜாடையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவதில் பள்ளம் இருந்தது. ஆனால் கன்னத்தில் தொளதொளவென்று ஆடியது. தலையைத் திருப்பினால் ஹெல்மெட் பின்தங்கி வந்தது. ஸ்பீக்கர் காதுத் துளையை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தாலே சத்தம் பாதியாகிவிடுகிறது. மூன்றாவது, ஒரு அளவு சின்னது, முகம் முழுவதையும் மூடுவது. போடும்போது காதைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. இறங்கிய பிறகு இதமாக இருந்தது. காதுப் பள்ளம் ஆழம். உள்பஞ்சைப் பொத்தானைக் கழற்றி வெளியே எடுக்க முடிந்தது. சலீம் ஸ்பீக்கரைப் பள்ளத்தில் ஒட்டி, என் காதைப் பார்த்து, மறுபடி பிய்த்து, சற்று முன்னால் தள்ளி ஒட்டினார். மைக்கை வாய்க்கு நேராக உள்பக்கம் பதித்தார். கருவியில் சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்தார். பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வசந்தாவுக்குத்தான் நேரமானது. முகம் திறந்த ஹெல்மெட் போதும் என்று அவளுக்கு ஆசை. அதில் காற்று நேராக மைக்கில் அடிக்கும், மெல்லிய குரலைத் தின்றுவிடும் என்று சலீம் சொன்னாராம். முழுதாக மூடியதைப் போட்டால் மூச்சில் கண்ணாடி பனித்துவிடுகிறது. தலையை அண்டாவுக்குள் விட்டதுபோல் இருக்கிறது என்று ஜாடை காட்டினாள். கடைசியில் தாடைப்பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஒன்று அமைந்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டாள். தோடு ஸ்பீக்கரில் மாட்டி இழுத்ததால் அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.

"கொஞ்சம் தூரம் போய்ப் பேசிப் பாருங்கக்கா" என்பதுபோல் சலீம் கையை நீட்டிக் காட்டினார். வசந்தா சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வாழைப்பழ வண்டிக்கு அருகே போய், எனக்கு முதுகு காட்டி நின்றாள். நடுவில் லாரியும் டவுன் பஸ்ஸும் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"இன்னாங்க, கேக்குதா?"

உடம்பு சிலிர்த்தது. சத்தம் பெரிதாக இருந்ததால் அல்ல, அந்தக் குரலால். கத்தாத குரல். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய அதே குரல். அதைக் கேட்டு ஐந்தாறு வருடமாகிறது. கத்தும் குரலையே அவள் குரல் என்று நினைத்துப் பழகிப்போயிருந்தேன்.

"கேக்கலயா? சரி வுடுங்க. பழம் நல்லா இருக்குது. அரை டஜன் வாங்கறேன்."

"வாங்கு" என்றேன்.

சாலைக்கு அந்தப்பக்கம் அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

பதினோரு மணிக்குக் கச்சிராயப்பாளையம் தாண்டினோம். கோமுகி அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. நெல் வயல்கள் முடிந்து மரவள்ளித் தோட்டங்கள் தொடங்கின. பரிகம் தாண்டியதும் ஏற்றம். வெள்ளிமலை இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

இந்த வளைவுகளையெல்லாம் நான் சத்தத்தை வைத்து ஓட்டியவன். மேலிருந்து வரும் வண்டி எத்தனை வளைவு தள்ளி வருகிறது, லாரியா பஸ்ஸா என்று ஹாரனைக் கேட்டே சொல்லிவிடுவேன். காது போன பிறகு இந்தப் பக்கம் வண்டி எடுத்து வந்ததில்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வேகத்தைக் குறைத்து ஊர்ந்தேன்.

"ஹாரன் கேக்குது. ஓரமா போங்க" என்றாள். ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கியது. "போலாம், பின்னால ஒண்ணும் வரல." அடுத்த வளைவில் "இப்ப ஒண்ணும் இல்ல, தாராளமா திருப்புங்க." நான்கைந்து வளைவுக்குப் பிறகு என் கைக்குப் பழைய நிதானம் வந்துவிட்டது. அவள் குரல் நடுவில் பேச்சாக மாறியது. இந்த மரத்தடியில் ஒருமுறை டயர் வெடித்ததே, அந்தத் திருப்பத்தில் ஒரு கர்ப்பிணியைப் பஸ்ஸிலேயே படுக்கவைத்துக் கொண்டுபோனோமே, அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

காற்றில் குளிர் ஏறியிருந்தது. வழியோரம் சாமை அறுத்த கொல்லைகள். வசந்தா சொன்னாள்: "தை பொறந்தா கெளம்பிடணும். அப்புறம் எப்ப இந்தப் பக்கம் வரப்போறோம். அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு கூப்ட்டேன்."

"எங்க கெளம்பணும்?"

இன்டர்காம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "ஓசூருக்குத்தாங்க" என்றாள்.

அகலமாக இருந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் அணைத்தேன்.

"கவிதா வூட்டோட போய் இருந்துடலாமா, இங்க வூட்ட வாடகைக்கு வுட்டுடலாமான்னு ஐப்பசில கேட்டேனே. நீங்க டிவி பாத்துக்கினு இருந்தீங்க. தலையாட்டுனீங்களே."

எனக்குக் கேட்டிருக்கவில்லை. பேச்சு கேட்காதபோது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவது காது மந்தமானவர்கள் எல்லோருக்கும் வரும் பழக்கம். அவள் அதை நம்பி மகளிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்து நான் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். போன வாரம் கோழிகளை அவள் தங்கையிடம் கொடுத்தனுப்பியபோது, பராமரிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"எனக்குக் கேக்கல வசந்தா."

"நெஜமாவா?"

"ஒரு வார்த்தகூட."

இருவரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வண்டிமேலேயே இருந்தோம். ஒரு ஜீப் மெதுவாகி, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் முகம் எனக்குப் பின்னால். குரல் மட்டும் காதுக்குள்.

"உனக்குப் போவணுமா?" என்று கேட்டேன்.

"ஆசதான். கவிதாவுக்குப் பிரசவ லீவு முடியுது. பாப்பாவ யாரோ ஒருத்தருகிட்ட வுட்டுட்டு வேலைக்குப் போவணும்னா மனசு கேக்கல. ஆனா வூட்ட வுட்டுட்டா அப்புறம் திரும்ப முடியாம பூடுமோன்னு பயமாவும் இருக்குது. உங்கள நெனச்சாதான் ஜாஸ்தி பயம். இங்கயே என்கூடவே நீங்க சரியா பேசறதில்ல. அங்க யாருகூட பேசுவீங்க? நாள் பூரா மூலையில உக்காந்துக்கினு இருப்பீங்களேன்னு. அத உங்ககிட்ட எப்புடிங்க கத்திச் சொல்றது? தெருவே கேக்கும்."

நான் பேசாமலிருந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று யோசித்ததேயில்லை. அவள்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"நான் வர்றேன்" என்றேன். "ஆனா வூடு பூட்டி இருக்கட்டும். வாடகைக்கு வேணாம். பாப்பா நடக்கற வரைக்கும் இருப்போம்."

"நடந்தா அப்புறந்தான் வேலையே ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கேட்டது.

வெள்ளிமலை வந்துசேரும்போது ஒரு மணி. கடைத்தெரு பெரிதாகிவிட்டது. அவள் தங்கியிருந்த வீட்டின் இடத்தில் செல்போன் கடை. அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை; அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடைக்கு வெளியே கல்மேல் உட்கார்ந்து புளிச்சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். டீ பத்து ரூபாய். சாப்பிட்டதும் மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டோம். டீக்கடைக்காரர் அருகே வந்து ஏதோ கேட்டார்.

"மழ வரும்னா போட்டுக்கினு இருக்கீங்கன்னு கேக்கறாரு" என்று வசந்தா காதுக்குள் சொன்னாள். பிறகு தாடைப்பகுதியைத் தூக்கி அவரிடம், "இல்லீங்க, பேசிக்கினு இருக்கோம்" என்றாள்.

இந்தக் கருவியில் போனையும் இணைக்கலாம் என்று மகள் சொல்லியிருந்தது வசந்தாவுக்கு நினைவு வந்தது. டீக்கடைக்காரர்தான் வசந்தாவின் போனை வாங்கி என் கருவியோடு இணைத்துக் கொடுத்தார். கவிதாவுக்கு மணி போகும் சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது.

"அம்மா, சொல்லும்மா."

"அப்பா பேசறேன்."

கவிதா உடனே கத்தத் தொடங்கினாள். "அப்பா, கேக்குதா, நான் பேசறது கேக்குதா?"

"மெதுவா பேசு, கேக்குது."

பிறகு அவள் வழக்கமான குரலில், "அப்பா, சாப்ட்டீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு அழுதாள். நான் ஓசூர் விஷயத்தைச் சொன்னேன். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறோம், பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறோம், இடையிடையே ஊருக்கு வந்து போவோம் என்றேன். "எப்புடியோ ஒண்ணு, வாங்கப்பா. வரும்போது அந்த ஹெல்மெட்ட மறக்காம எடுத்துக்கினு வாங்க" என்றாள். பாப்பாவின் வாய்க்கு நேராகப் போனைப் பிடித்தாள். என்னவென்று புரியாத ஒரு நீண்ட பேச்சு. ஒன்றுவிடாமல் கேட்டேன்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். பெரியார் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். அருவியின் சத்தம் பாறைமேல் பால் கொதித்து வழிவதுபோல் இருக்கிறது என்று வசந்தா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மலையை விட்டு இறங்கும்போது வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே எனக்கு வேண்டியது எல்லாமே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, கரண்டு பில்லு வந்திருக்குது. முக்கியமானதை எல்லாம் எனக்கு யாராவது கத்திச் சொல்லிவிடுவார்கள். கத்திச் சொல்லும் அளவுக்குப் பெறாத பேச்சுதான் நின்றுபோயிருந்தது. ஒரு நாளில் மனிதர்கள் பேசுவதில் பெரும்பங்கு அதுதான் என்று இன்றுதான் தெரிந்தது.

வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. வசந்தா ஓயவில்லை. மேகம் விலகுகிறது என்றாள். யாரோ மிளகாய் வறுக்கிறார்கள், உங்களுக்கு வாசனை வருகிறதா என்றாள். கச்சிராயப்பாளையத்தில் பூ வாங்க வேண்டும், இந்தப் பின்னலில் எப்படி வைப்பது என்றாள்.

"அங்க பாருங்க, வேலி மேல ஒரு மைனா. ஒத்தக் கால்ல நிக்குது."

நான் திரும்பிப் பார்க்க முடியாத வளைவு.

"நீ பாத்து சொல்லு" என்றேன்.