உப்பு கரித்த புடவைகள்

கொடியில் தொங்கும் துணியின் ஓரத்தை இழுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்க்கிறார் தபித்தாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டுச் சந்தின் கடைசி வீடுதான் அவருடைய சலவைக்கடை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில் முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "என்னக்கா, ஊர்த் துணியை எல்லாம் ருசி பார்க்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன். "சோப்பு நிக்குதா உப்பு நிக்குதான்னு நாக்குக்குத்தானுங்க தெரியும், கைக்குத் தெரியாது" என்றபடி அடுத்த துணிக்குப் போய்விட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் கம்பளி ஸ்கார்ஃப், ஸ்கார்ஃபின் ஓரம் முழுக்கத் துணி கிளிப். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தால் வேண்டாத விருந்தாளியைத் திட்டுவதுபோல் திட்டுவார்: "வந்துட்டான் பாருங்க, தண்டச்சோறு!" திட்டிக்கொண்டே கரி அள்ளிக் கணப்பு மூட்டுவார். மழைக்காலத்தில் இந்த ஊரில் ஒரு பனியனைக் காயவைத்துப் பார்த்தால் தெரியும் அந்தத் திட்டின் நியாயம்.

போன டிசம்பரில் அவர் பாடு பெரும்பாடாகிவிட்டது. சர்ச் கொயர் பாடகர்களுக்கு இருபத்திரண்டு மெரூன் காட்டன் புடவை எடுத்திருந்தார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை. கொயரை நடத்தும் ஜெனிஸ் டீச்சர், சாயம் போகாமலிருக்க அத்தனையையும் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்டத் திங்கட்கிழமை கொண்டுவந்து இறக்கினார். "அலசிடாத தபித்தா. அலசினா சாயம் ஓடிரும். அப்படியே காயவெச்சுத் தேச்சுக் குடு."

தபித்தாள் ஒரு முந்தானையை நக்கிப் பார்த்தார். "கடலாட்டம் கரிக்குதுங்க டீச்சர். இது காயாதுங்க."

"நான் சொல்றதைச் செய்."

செய்தார். கணப்புப் பக்கம் காய்ந்த மாதிரி இருக்கும். எடுத்து மடித்தால், சற்று நேரத்தில் மறுபடி சில்லென்று ஈரம். வியாழக்கிழமை ஜெனிஸ் டீச்சர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள காயலேன்னா சர்ச் துணி எதுவும் இனி உன்கிட்ட வராது!" பாதிரியார் அங்கி முதல் மேஜை விரிப்பு வரை வருஷம் முழுக்க வரும் வேலை அது. போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

தபித்தாள் ஜன்னல் திட்டில் இரண்டு சாஸர் வைத்தார். ஒன்றில் ஒரு ஸ்பூன் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஒரு ஸ்பூன் புடவைகளிலிருந்து வாளியில் வடிந்திருந்த உப்புத் தண்ணீர். "நாளைக்கு மத்தியானம் வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க டீச்சர்."

வெள்ளி மத்தியானம் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதல் சாஸர் காய்ந்து வெறும் பீங்கான். இரண்டாவதில் தண்ணீர் வைத்த மேனிக்கு நின்றது.

"உப்பு தண்ணியப் பிடிச்சு வெச்சுக்குதுங்க. லேசுல மேல போக உடாது. பத்தாததுக்குப் பனியில இருக்கறதையும் உறிஞ்சிக்கும். உப்பைத் தொரத்துனாத்தான் ஈரம் போகும்."

"சாயம் போனா?"

"போனா என் தலையில கட்டுங்க."

சொல்லிவிட்டு, பாதி காய்ந்த புடவைகளை எல்லாம் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். தண்ணீர் சிவந்தது. ஜெனிஸ் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் "இயேசுவே!" என்றுவிட்டேன். இரண்டாம் தண்ணீர் வெளிர் ரோஸ். மூன்றாம் தண்ணீரில் தொட்டியின் அடி தெளிவாகத் தெரிந்தது. தபித்தாள் ஒரு ஓரத்தை நக்கினார். "சப்புன்னு இருக்கு!" என்று சிரித்தார் பாருங்கள், லாட்டரி விழுந்த சிரிப்பு.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டும் காய்ந்து, மடிப்பு நலுங்காமல் அடுக்காகிவிட்டன. வெளியே பனி அப்படியேதான் கிடந்தது. "இப்ப என்ன பண்ணுவே?" என்று அதைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

ஞாயிறு காலை கொயர் ஏறி நின்றது. ஒரே நிறம், ஒரு திட்டுக்கூட இல்லை. தபித்தாள் மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில், ஸ்கார்ஃபில் ஒரு கிளிப்பை மறந்து விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டைத் தொடங்கக் கை தூக்கப்போன ஜெனிஸ் டீச்சர், சட்டென்று நிறுத்தி எங்கள் பக்கம் திரும்பினார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் மெரூன் புடவையின் முந்தானை நுனியை எடுத்து நாக்கில் வைத்தார்.