தவசிமுத்துவின் மரத்தரைக் குளியலறை

வன்னியம்பட்டி தவசிமுத்து கொத்தனார் கட்டிய குளியலறை ஒழுகாது. இதை ஊரார் சொல்வதைவிட அவரே அதிகம் சொல்வார். எங்காவது கசிந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவதாகச் சபதம் வேறு.

அந்தச் சபதத்துக்கு ராஜபாளையத்தில் சோதனை வந்தது. ஹரிகிருஷ்ணன் தன் மாந்தோப்பில் கட்டிய வீட்டுக்கு மாடி முழுக்க மரம். குளியலறைத் தரைகூடப் பலகைதான். நேர் கீழே அடுப்படி. தவசிமுத்துவும், அவரிடமே சித்தாளாக இருக்கும் மனைவி சீனியம்மாளும் தோப்பிலேயே தங்கி வேலை பார்த்தார்கள்.

"பலகை மேல தண்ணி எறங்காத இந்தக் கோட்டிங் அடிக்கணும்ண்ணே. காயுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றார் ஹரிகிருஷ்ணன்.

தவசிமுத்துவுக்குத் தலை சுற்றியது. சிமெண்ட் கலந்த சாமான், தண்ணீர் ஊற்றாமல் எப்படி இறுகும்? இப்போதே தண்ணீர் ஆகாதென்றால் பொறவு எப்படித் தாங்கும்? ஒன்றும் விளங்காமலே சொன்னபடி அடித்து முடித்தார். பிளம்பர் இம்மானுவேலிடம் எச்சரித்தார். காவல்காரர் சோலைச்சாமியிடமும் எச்சரித்தார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தரையெங்கும் தண்ணீர். கோட்டிங் பால் போலக் கரைந்து கிடந்தது. இணைப்புகளில் பலகை உப்பியிருந்தது. அண்ணாந்து பார்த்தார், கூரை காய்ந்திருந்தது.

"ஏலே இம்மானுவேலு, பைப்பத் தொறந்தியா?"

"தொட்டியே இன்னும் ஏத்தல அண்ணாச்சி. எந்தப் பைப்ப?"

மழையும் இல்லை, குழாயும் இல்லை. ஒருவேளை மரமே தண்ணீர் கக்குமோ? பாவம், மனிதர் அதையும் யோசித்தார். தன் பேர் கெட்டது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சீனியம்மாள் நிறைகுடத்தோடு படியேறி வந்தாள். முந்தின நாள் சோழபுரத்தில் காதுகுத்துக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பியவள்.

"விடியமுன்ன ரெண்டு கொடம் ஊத்திட்டேன். இன்னொண்ணு ஊத்துனா போதும்லா?"

"ஏட்டி, தண்ணி படக்கூடாதுன்னு அம்புட்டுப் பேத்துட்டயும் சொன்னனே!"

"எங்கிட்டச் சொன்னியளா?"

அவளிடம் சொல்லவே இல்லை என்பது தவசிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து, பூச்சு வேலை நடக்கும் காலமெல்லாம், கண் விழித்ததும் அவளிடம் கேட்கும் முதல் வார்த்தை "தண்ணி ஊத்திட்டியா?" என்பதுதான். இன்று இருட்டோடு எழுந்தவர் கேட்காததால், மறந்துவிட்டார் என்று நினைத்து, அவளாகவே ஊற்றியிருக்கிறாள்.

ஹரிகிருஷ்ணன் வந்து எட்டிப் பார்த்துப் பதறினார். "யாரு தண்ணி ஊத்துனது?"

சீனியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். தவசிமுத்து அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தான் ஊத்தச் சொன்னேன் தம்பி."